வீட்டுச் சூழல் பேணல் (தாம்பரம் வட்டாரம்)

வீட்டுச் சூழல் பேணல் என்பது, ஒரு குடும்பம் நீர், உணவு, எரிபொருள், மின்சாரம் முதலியவற்றை அளவறிந்து பயன்படுத்தி, வீட்டிலிருந்து வெளியேறும் கழிவைக் குறைத்து, நிலத்துக்கும் நீர்நிலைகளுக்கும் காற்றுக்கும் நேரும் கேட்டைத் தணிக்கும் அன்றாட நடைமுறைகளின் தொகுப்பு ஆகும். இந்நடைமுறைகளுள் பெரும்பாலானவை எளியவை. பெருஞ்செலவும் தனித்திறனும் வேண்டாதவை.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், பம்மல், சிட்லபாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை முதலிய தென்சென்னைப் புறநகர்களில் இவை தனிச் சிறப்புப் பெறுகின்றன. இப்பகுதி வீடுகள் நெடுங்காலமாகத் தத்தம் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பியிருப்பவை. இங்குள்ள ஏரிகள் ஒன்றோடொன்று இணைந்தவை. ஆகவே ஒரு தெருவில் மண்ணுக்குள் இறக்கப்படும் மழைநீர் அடுத்த தெருக் கிணற்றுக்கும் உதவுகிறது. ஒரு தெருவில் விடப்படும் கழிவுநீரும் குப்பையும் கீழ்ப்பகுதி ஏரியைச் சென்றடைகின்றன.

வட்டாரத்தின் இயல்பு

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டு 2021ஆம் ஆண்டு நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. இது 2019இல் தோற்றுவிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கும்.

நிலவியல்

பல்லாவரம், பரங்கிமலை, தாம்பரம் ஆகியவற்றின் அடித்தளம் சார்னோக்கைட்டு என்னும் கடினப் பாறையால் ஆனது. கொல்கத்தாவில் உள்ள யோப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனமையால், நிலவியலாளர் தாமசு ஆலந்து 1893இல் அவர் பெயரை இப்பாறைக்கு இட்டார். கடினப் பாறை நீரை உறிஞ்சாது. அதன்மேல் உள்ள சிதைந்த பாறை அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நிலத்தடிநீர் தங்குகிறது. எனவே இங்கு நிலத்தடிநீர்ச் சேமிப்பு அளவில் சிறியது. மழையில் விரைவில் நிறைந்து, கோடையில் விரைவில் வற்றுவது. கிழக்கே கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை முதலிய கடலோரப் பகுதிகள் மணற்பாங்கானவை. அங்கு மழைநீர் எளிதில் இறங்கும். ஆயினும் அளவுக்கு மீறி இறைத்தால் கடலின் உவர்நீர் உட்புகும்.

நீர்வழிகள்

வட்டாரத்தின் கிழக்குப் பகுதியில் சிட்லபாக்கம் ஏரியின் மிகைநீர் செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளின் வழியே பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து கோவளம் அருகே கடலில் சேர்கிறது. மேற்கே முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பகுதிகளின் நீர் அடையாற்றை நோக்கிச் செல்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பில் அடங்கிய பரப்பு ஏறத்தாழ 1,248 எக்டேர் ஆகும்.

மழை

இப்பகுதியின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஒரே ஊர் வெள்ளத்தையும் வறட்சியையும் மாறிமாறிக் காண்பதற்கு இதுவே முதற்காரணம். 2015 திசம்பர் 2ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாகி, முடிச்சூர், வரதராசபுரம் முதலிய இடங்கள் நீரில் மூழ்கின. நான்கு ஆண்டுகளுக்குள், 2019 கோடையில், சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய முற்றிலும் வறண்டன. அவ்வாண்டு சூலையில் சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டி மூலம் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது.

மழைநீர் சேகரிப்பு

வரலாறு

வீட்டுக் கூரைநீரைச் சேமிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பழமையானது. அதைச் சட்டக் கடமையாக்கியது அண்மைக்கால நிகழ்வாகும். 2003ஆம் ஆண்டு சூலையில் தமிழ்நாடு அரசு பிறப்பித்த அவசரச் சட்டம், புதிய கட்டடங்களுக்கு மட்டுமன்றி ஏற்கெனவே உள்ள கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. அதற்கு அவ்வாண்டு ஆகஸ்டு 31 இறுதி நாளாகக் குறிக்கப்பட்டது. இதற்கு முந்தைய ஆண்டில், 2002இல், சேகர் இராகவன் முன்னின்ற ஆகாசு கங்கை அறக்கட்டளை, பொதுமக்களுக்குச் செய்முறை விளக்கம் அளிக்கும் மழை மையத்தைச் சென்னை மந்தைவெளிப்பாக்கத்தில் தொடங்கியது.

எளிய கணக்கு

1,000 சதுர அடிப் பரப்புள்ள மொட்டைமாடி ஏறத்தாழ 93 சதுர மீட்டர் ஆகும். அதில் 1,400 மி.மீ. மழை பெய்து, ஆவியாதல், சிதறல் போக ஐந்தில் நான்கு பங்கு கிடைப்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,04,000 லிட்டர் நீர் சேரும். இது 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் எட்டுச் சுமைக்கும் மேற்பட்டது. நகர்ப்புற நீர் வழங்கலுக்கு இந்தியாவில் கொள்ளப்படும் அளவு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதன்படி நால்வர் உள்ள குடும்பத்துக்கு இந்நீர் ஏறத்தாழ ஆறு மாதத் தேவைக்குச் சமமாகும். மண்ணுக்குள் இறங்கும் நீர் முழுவதும் அந்த வீட்டுக் கிணற்றுக்கே திரும்புவதில்லை, நிலத்தடியில் பரவுகிறது. ஆகையால் ஒரு தெருவில் எத்தனை வீடுகள் இதைச் செய்கின்றன என்பதைப் பொறுத்தே பயன் அமையும்.

அமைப்பு முறைகள்

- திறந்த கிணற்றில் இறக்குதல்: பழைய திறந்த கிணறு உள்ள வீடுகளுக்கு இதுவே மிக எளிய முறை. மாடிக் குழாய்களை ஒன்றிணைத்து, ஏறத்தாழ இரண்டடி நீள அகல ஆழமுள்ள வடிகட்டும் தொட்டி வழியாக நீரைக் கிணற்றுக்குள் விட வேண்டும். தொட்டியில் கருங்கல் ஜல்லியும் அதன்மேல் மணலும் இடப்படும். வற்றிய கிணற்றையும் மூடிவிடாமல் இதற்குப் பயன்படுத்தலாம்.
- உறைகிணறு: ஏறத்தாழ 3 அடி விட்டமும் 10 முதல் 15 அடி ஆழமும் உடையதாகத் தோண்டிச் சிமெண்டு உறைகள் இறக்கப்படும். மேல்மண் களியாக உள்ள இடங்களில் ஆழமற்ற குழி பயன் தராது. களியைக் கடந்து சிதைந்த பாறை அடுக்கை எட்டும் ஆழம் தேவை.
- கசிவுக் குழி: ஏறத்தாழ 3 அடி நீள அகலமும் 5 அடி ஆழமும் உள்ள குழியில் உடைந்த செங்கல் அல்லது கூழாங்கல் நிரப்பப்படும். மணற்பாங்கான கடலோரப் பகுதிகளுக்கு இது போதுமானது.
- தொட்டியில் சேமித்தல்: மாடிநீரை வடிகட்டித் தரைகீழ்த் தொட்டியில் சேர்த்து நேரடியாகப் பயன்படுத்துவது. மழைநீர் மென்னீர் ஆகையால் துணி துவைப்பதற்கும் பருப்பு வேகவைப்பதற்கும் ஏற்றது. குடிப்பதற்கு முன் வடிகட்டிக் காய்ச்ச வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்றுக்குள் வடிகட்டாத நீரை விடுதல் கூடாது. மண் துகள்கள் பாறை வெடிப்புகளை அடைத்துவிடுவதுடன், மேற்பரப்பு அழுக்கு நேரே நிலத்தடிநீரை அடையவும் அது வழியாகும். கழிவுநீர்த் தொட்டிக்கு அருகில் இவ்வமைப்புகளை ஏற்படுத்துவதும் தவிர்க்கத்தக்கது.

பராமரிப்பு

மழைநீர் சேகரிப்பு பெரும்பாலும் தோற்பது கட்டுமானக் குறையால் அன்று, கவனிப்பின்மையால் ஆகும். 2003இல் சட்டத்துக்காக அவசரமாகக் கட்டப்பட்ட பல அமைப்புகள் பின்னர் மணல் அடைத்துச் செயலிழந்தன. ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசி மாதத்துக்குள், மாடியைக் கூட்டி, குழாய் வாய்களில் சேர்ந்த சருகை நீக்கி, வடிகட்டும் தொட்டியின் மணலைக் கழுவி மீண்டும் இட வேண்டும். பருவத்தின் முதல் மழைநீரைத் தூசு போகும்வரை வெளியே விட்டுவிடுவது மரபு.

சேமிப்புத் தொட்டிகளும் கிணறுகளும் கொசு புகாதவாறு மூடப்பட வேண்டும். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் அனோஃபிலிசு இசுடீபன்சி என்னும் கொசு மேல்நிலைத் தொட்டிகளிலும் கிணறுகளிலும் உள்ள தெளிந்த நீரில் முட்டையிடுவது. டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு நீரிலும் பெருகுவது. திறந்த கிணறுகளுக்கு வலையிட்ட மூடி, குழந்தைகளின் பாதுகாப்புக்கும் இன்றியமையாதது.

நீர்ச் சிக்கனமும் மறுபயன்பாடும்

நீரைச் சேமிப்பதற்கு முன்னர் வீணாக்காதிருத்தல் எளிது. குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவதற்கு மாறாக இரு வாளி முறையைக் கைக்கொள்ளுதல், தூவற்குழாய்க்கு மாறாக வாளியில் குளித்தல், மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியாதவாறு மிதவை அடைப்பான் பொருத்துதல், சொட்டும் குழாயின் தேய்ந்த வாசரை மாற்றுதல் ஆகியன பரவலாக அறிந்த வழிகளாகும். ஒரு சொட்டு தானே என்று எண்ணுவோர், சொட்டும் குழாயின் கீழ் இரவு முழுவதும் ஒரு வாளியை வைத்து இழப்பைத் தாமே அளந்தறியலாம்.

நிலத்தடிநீர் உவர்ப்பாக உள்ள பகுதிகளில் எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் நீரைத் தூய்மையாக்கும் கருவிகள் வீடுதோறும் உள்ளன. இவற்றுள் பல, ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் நீரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. அந்நீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கும் தரை துடைப்பதற்கும் பயன்படுத்தலாம். உப்புச் செறிவு மிக்கதாகையால் செடிகளுக்குத் தொடர்ந்து விடுதல் நன்றன்று.

குளித்த நீரையும் துணி அலசிய நீரையும் கழிப்பறைக் கழிவோடு கலவாமல் தனிக்குழாயில் பிரித்து, கல்வாழை, வாழை, சேம்பு ஆகியன நடப்பட்ட பாத்தியில் விடும் முறை தனிவீடுகளுக்கு ஏற்றது. இச்செடிகளின் வேரும் மண்ணில் உள்ள நுண்ணுயிரிகளும் சோப்பு அழுக்கைப் பெரிதும் நீக்குகின்றன. நீர் தேங்கி நிற்காமல் உடனே மண்ணில் இறங்குமாறு பாத்தி அமைய வேண்டும். வெளிர்ப்பான் கலந்த நீரை இதில் விடுதல் கூடாது.

பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் கழிவுநீர்த் தொட்டியின் நிலையே ஏரியின் நிலையைத் தீர்மானிக்கிறது. அடித்தளம் பூசப்படாத தொட்டியிலிருந்து கசியும் நீர் அருகிலுள்ள கிணறுகளைக் கெடுக்கும். தொட்டியை மழைநீர் வடிகாலில் இணைப்பது குற்றமாவதுடன், அடுத்த ஏரிக்குக் கழிவை நேரே அனுப்புவதும் ஆகும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்தியைக் கொண்டு இதைத் தூய்மை செய்விக்க வேண்டும். உரிய பாதுகாப்பின்றி மனிதரை இத்தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டு நடுவண் அரசுச் சட்டம் தடை செய்கிறது. தொட்டியில் தேங்கும் நச்சு வளி நொடிகளில் உயிரைப் பறிக்கக் கூடியது.

குப்பை மேலாண்மை

பின்னணி

சென்னையின் தென்பகுதிக் குப்பை பல பத்தாண்டுகளாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதியான பெருங்குடியில் கொட்டப்பட்டது. மேற்குத் தாம்பரத்தின் கன்னடபாளையத்திலும் குப்பை மலையாகக் குவிந்தது. பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் பணியைச் சென்னை மாநகராட்சி 2020களில் மேற்கொண்டது. சிட்லபாக்கம் ஏரியும் குப்பை, கழிவுநீர், ஆக்கிரமிப்பு ஆகியவற்றால் சீர்கெட்டிருந்தது. சிட்லபாக்கம் ரைசிங் முதலிய குடியிருப்போர் குழுக்கள் தொடர்ந்து தூய்மைப் பணி செய்தும் முறையிட்டும் வந்தன. 2019இல் இவ்வேரியைச் சீரமைக்கத் தமிழ்நாடு அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது.

பம்மல் முன்னோடி

எம். பி. நிர்மல் 1989இல் சென்னையில் எக்சுநோரா இயக்கத்தைத் தொடங்கினார். தெருவாரியாகக் குடியிருப்போரே ஒன்றுகூடிக் குப்பை அகற்றலுக்கு ஏற்பாடு செய்துகொள்வது அதன் அடிப்படை. அவ்வழியில் 1994இல் பம்மல் சிறீ சங்கரா நகரில் மங்களம் பாலசுப்பிரமணியன் தலைமையில் இல்லத்தரசியர் சிலர் தம் தெருக்களின் குப்பையைத் தாமே மேலாளத் தொடங்கினர். வீடுகளிடம் சிறு மாதக் கட்டணம் பெற்று, பசுமைத் தூதுவர் என அழைக்கப்பட்ட பணியாளர்கள் மிதிவண்டிகளில் வீடுவீடாகச் சென்று மட்கும் குப்பையையும் மட்காக் குப்பையையும் தனித்தனியே பெற்றனர். மட்குவன மண்புழு உரமாக்கப்பட்டன, மற்றவை விற்கப்பட்டன. இம்முயற்சி பின்னர் நகராட்சியின் ஒத்துழைப்புடன் பம்மலின் பிற பகுதிகளுக்கும் விரிந்தது. குப்பை வீட்டு வாசலைத் தாண்டுமுன் பிரிக்கப்பட்டால், கொட்டுமிடத்துக்குச் செல்ல வேண்டியது மிகச் சிறிதே என்பதை இவ்வட்டாரத்தில் முதலில் காட்டியோருள் இவர்கள் குறிப்பிடத்தக்கோர்.

தரம் பிரித்தல்

வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் பொறுப்பைக் குடும்பத்துக்கு உரியதாக 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் வரையறுத்தன. நடைமுறையில் பின்வருமாறு பிரிப்பது எளிது.

- ஈரக் குப்பை: காய்கறித் தோல், எஞ்சிய உணவு, காப்பித் தூள், பூ, இலை.
- உலர் குப்பை: தாள், அட்டை, நெகிழி, கண்ணாடி, உலோகம். கழுவி உலர்த்திய பால் உறைகளையும் தாளையும் உலோகத்தையும் காயலான் கடையில் விற்கலாம்.
- உடல்நலக் கழிவு: அணையாடை, விடாய்க்கால அணையாடை, கட்டுத்துணி. இவற்றைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புக் குறியிட்டுத் தனியே அளிக்க வேண்டும்.
- தீங்குடைய கழிவு: மின்கலம், குழல்விளக்கு, காலாவதியான மருந்து, பூச்சிக்கொல்லிக் கலன், பழைய மின்னணுக் கருவிகள்.

பிரிக்கப்படாத குப்பையைத் தூய்மைப் பணியாளர்கள் வெறுங்கையால் கிளற நேர்கிறது. உடைந்த கண்ணாடியையும் ஊசியையும் தனியே கட்டிப் பெயரிட்டுக் கொடுத்தல் அவர்களது கையைக் காக்கும் செயலாகும்.

மட்கு உரம்

இந்திய நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி மட்கக் கூடியது. அதை வீட்டிலேயே உரமாக்க இரண்டு மண்பானைகள் போதும்.

1. பானையின் பக்கங்களிலும் அடியிலும் சிறு துளைகள் இட்டு, அடியில் தென்னை நார்த்துகள் அல்லது சருகைப் பரப்ப வேண்டும்.
2. நாள்தோறும் சேரும் ஈரக் குப்பையைச் சிறிதாக நறுக்கி இட்டு, ஒரு பங்கு குப்பைக்கு இரண்டு பங்கு என்ற அளவில் சருகு அல்லது நார்த்துகளால் மூட வேண்டும்.
3. தொடக்கத்தில் சிறிது புளித்த மோர் அல்லது பழைய மட்கு உரம் சேர்த்தால் நுண்ணுயிர்கள் விரைவில் பெருகும்.
4. வாரம் இருமுறை கிளறிக் காற்றோட்டம் தர வேண்டும்.
5. முதற்பானை நிறைந்ததும் மூடி வைத்து இரண்டாம் பானையைப் பயன்படுத்த வேண்டும். அது நிறைவதற்குள் முதற்பானையில் உள்ளது கருத்து, மண்மணம் உள்ள உரமாகும்.

நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்தது என்பது பொருள். சருகு சேர்க்க வேண்டும். எறும்பு மொய்த்தால் ஈரம் குறைந்தது எனக் கொண்டு நீர் தெளிக்க வேண்டும். இறைச்சி, எண்ணெய், மிகுந்த உப்பு ஆகியவற்றைத் தொடக்கநிலையில் தவிர்ப்பது நன்று.

மண்புழு உரத்துக்கு நிழலும் ஈரமும் தேவை. சென்னைப் புதுக்கல்லூரியில் பணியாற்றிய மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இசுமாயில், அயல்நாட்டுப் புழுக்களுக்கு மாறாக நம் மண்ணுக்குரிய பெரியோனிக்சு எக்சுகவேட்டசு, இலாம்பிட்டோ மௌரிட்டி ஆகிய இனங்களைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்து வந்தார். தொட்டியைச் சுற்றி நீர் நிறைந்த சிறு வாய்க்கால் அமைத்தால் எறும்பு புகாது.

நெகிழி குறைத்தல்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருட்களுக்கு 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டது. 2021 திசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்னும் பரப்புரையை அரசு தொடங்கியது. தடைக்கு முன்பே தமிழ்க் குடும்பங்களில் மாற்று வழிகள் இருந்தன. உணவகத்துக்குத் தூக்குப் பாத்திரம் கொண்டு செல்லுதல், சந்தைக்குத் துணிப்பை, விருந்துக்கு வாழையிலை, எண்ணெய்க்குத் தனிக் கலன் ஆகியன அவை. வடிகாலை அடைக்கும் நெகிழிப்பை மழைக்காலத்தில் தெருவிலேயே வெள்ளமாகத் திரும்பி வருகிறது.

போகியும் புகையும்

பழையன கழிதலைக் குறிக்கும் போகித் திருநாளில் துணி, நெகிழி, டயர் ஆகியவற்றை எரிப்பதால் எழும் புகை, பனியோடு கலந்து தரைமட்டத்தில் தங்குகிறது. பல்லாவரத்தை ஒட்டியுள்ள சென்னை வானூர்தி நிலையத்தில் 2018 சனவரி 13ஆம் நாள் போகிப் புகையால் வானூர்திகள் திருப்பிவிடப்பட்டன. பழைய துணியைப் பிறர்க்கு அளித்தல், பாயையும் முறத்தையும் உரக்குழியில் இடுதல் ஆகியவற்றாலும் கழித்தல் என்னும் மரபு நிறைவேறும். சருகை எரிப்பதை ஆண்டு முழுவதும் தவிர்த்தால், மட்கு உரத்துக்கு வேண்டிய உலர்பொருள் இலவசமாகக் கிடைக்கும்.

வீட்டுத் தோட்டம்

மட்கு உரத்தின் இயல்பான பயன் வீட்டுத் தோட்டமாகும். தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித் தோட்டம் அமைப்போர்க்கு மானிய விலையில் விதை, நார்த்துகள், பை ஆகியன அடங்கிய தொகுப்பை வழங்கியது. மாடியில் வைக்கும் தொட்டிகளில் மண்ணைக் குறைத்து நார்த்துகளும் உரமும் மிகுதியாகச் சேர்த்தால் தளத்தின்மேல் சுமை குறையும். நீர் கசியாத தளப் பூச்சும் தடையற்ற வடிகாலும் தேவை.

அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி ஆகியன புதியோருக்கு ஏற்றவை. வெண்டை, கத்தரி, அவரை ஆகியவற்றை ஆடிப்பட்டத்தில் விதைப்பது வழக்கம். சித்திரை, வைகாசி வெயிலில் நிழல்வலை இன்றிப் பெரும்பாலான செடிகள் வாடும். தரையில் இடமிருந்தால் முருங்கை, கறிவேப்பிலை, வாழை ஆகியன அன்றாடச் சமையலுக்கு உதவும்.

மரம் தேர்வதில் இவ்வட்டாரத்தின் இயற்கைக் காடுகள் வழிகாட்டுகின்றன. 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகமும், நன்மங்கலம் காப்புக்காடும் இப்பகுதிக்கு உரிய புதர்க்காட்டு மரஞ்செடிகளைக் காத்து வருகின்றன. 2016 திசம்பர் 12இல் வீசிய வர்தா புயலில் சென்னையிலும் புறநகரிலும் மரங்கள் பேரளவில் சாய்ந்தன. விரைவில் வளர்ந்து மேலோட்டமாக வேர்விடும் அயல்மரங்களைக் காட்டிலும் வேம்பு, புங்கு, நாவல், மகிழ், கடலோரத்தில் புன்னை ஆகியன நெடுங்காலத்துக்கு ஏற்றவை. மரத்தின் அடியைச் சிமெண்டால் மூடாமல் விடுவது வேருக்கும் நிலத்தடிநீருக்கும் நன்மை.

மின்சாரமும் வெப்பமும்

ஓயாது சுழலும் மின்விசிறி, வீட்டு மின்செலவில் கவனிக்கப்படாத பங்கை உடையது. பழைய வகை மின்விசிறி ஏறத்தாழ 75 வாட்டு ஈர்க்கிறது. தூரிகையற்ற நேர்மின் இயக்கி கொண்ட புதிய வகை ஏறத்தாழ 30 வாட்டு ஈர்க்கிறது. நாளுக்கு 12 மணி நேரம் இயங்கினால், 60 நாட்களில் பழையது 54 அலகும் புதியது 22 அலகும் செலவிடும். மூன்று விசிறிகளை மாற்றிய வீட்டில் இருமாதக் கணக்கில் 95 அலகுக்கு மேல் குறையும். 60 வாட்டுக் குண்டு விளக்கின் ஒளியை ஒளியுமிழ் இருமுனைய விளக்கு ஏறத்தாழ 9 வாட்டில் தரும். குளிர்சாதனத்தை 24 பாகையில் வைத்து விசிறியையும் இயக்குவது, 18 பாகையில் வைப்பதினும் மிகச் சிக்கனமானது.

மேல்மாடி வீடுகளின் வெப்பத்துக்குத் தளமே காரணம். பழைய சென்னை வீடுகளில் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டுத் தட்டோடு பதிப்பது வெப்பத்தைத் தடுத்தது. இன்று வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு குறைந்த செலவில் வெயிலைத் திருப்பி அனுப்பி, அறை வெப்பத்தைச் சில பாகை குறைக்கிறது. மாடிநீரைக் குடிப்பதற்குச் சேமிப்போர் வேதிப் பூச்சுகளைத் தவிர்க்க வேண்டும்.

ஒரு கிலோவாட்டு சூரிய மின்தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 அலகு மின்சாரம் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய நடுவண் அரசுத் திட்டம், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வீட்டு அமைப்புகளுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தது. சமையலில் பருப்பையும் பயற்றையும் முன்னரே ஊறவைத்தல், மூடியிட்டு வேகவைத்தல், அழுத்தக் கலன் பயன்படுத்தல் ஆகியன எரிவளியைச் சேமிக்கும்.

போக்குவரத்து

சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்தொடர்வண்டி 1931இல் தொடங்கப்பட்டது. இப்புறநகர்கள் வளர்ந்ததே இவ்விருப்புப்பாதையை ஒட்டித்தான். வேலைக்கும் கல்லூரிக்கும் தொடர்வண்டியிலும், நிலையம் வரை நடந்தோ மிதிவண்டியிலோ செல்வது, ஒரு குடும்பம் எரிபொருளைக் குறைக்கக் கூடிய மிகப் பெரிய வழிகளுள் ஒன்றாகும்.

பருவ நாட்காட்டி

- சித்திரை, வைகாசி: தளத்துக்குச் சுண்ணாம்பு பூசுதல், கிணறு வற்றியிருக்கும்போது தூர் வாருதல், பறவைகளுக்கு நீர் வைத்தல்.
- ஆனி, ஆடி: விதைப்பு; மரக்கன்றுக்குக் குழி எடுத்தல்.
- ஆவணி, புரட்டாசி: மாடி, குழாய், வடிகட்டும் தொட்டி ஆகியவற்றைத் தூய்மை செய்தல், தெரு வடிகாலில் உள்ள அடைப்பை மாநகராட்சிக்குத் தெரிவித்தல்.
- ஐப்பசி, கார்த்திகை: முதல் மழைநீரைக் கழித்துச் சேகரித்தல், வாரந்தோறும் தேங்குநீரை அகற்றுதல்.
- மார்கழி, தை: எரிக்காத போகி, அரிசி மாவுக் கோலம், சருகு சேமித்தல்.
- மாசி, பங்குனி: கிணற்று நீர்மட்டத்தை அளந்து குறித்தல், கோடைக்கான நீர்ச் சிக்கனம்.

வரம்புகளும் திறனாய்வும்

வீட்டளவிலான முயற்சிகளால் தீராத சிக்கல்கள் பல உள்ளன. 2015 திசம்பரில் பெய்த 49 செ.மீ. மழையில் 1,000 சதுர அடி மாடி ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 45,000 லிட்டர் நீர் விழுந்தது. எந்த உறைகிணறும் அதை ஒரே நாளில் ஏற்காது. ஏரிகளும் கால்வாய்களும் சதுப்புநிலமுமே ஏற்க இயலும். அவற்றின் பரப்பு சுருங்கியதும் இணைப்புக் கால்வாய்கள் அடைபட்டதும் வீட்டு நடைமுறைகளால் ஈடுசெய்ய முடியாத இழப்புகள். குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர்பெற்ற குரோம்பேட்டையை அடுத்த நாகல்கேணிப் பகுதியில் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடிநீரில் குரோமியம் கலந்தது. அத்தகைய இடங்களில் கிணற்றுநீரை ஆய்வகத்தில் சோதித்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

வாடகை வீட்டில் வாழ்வோர் கட்டட அமைப்பை மாற்ற இயலாது. அவர்களுக்குக் குப்பை பிரித்தல், நீர்ச் சிக்கனம், தொட்டிச் செடி ஆகியனவே கைக்கெட்டும் வழிகள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கூட்டு முடிவு தேவைப்படுகிறது. இவ்வேலைகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் மேலேயே கூடுதல் சுமையாக விழுகின்றன என்பதும் முன்வைக்கப்படும் குறையாகும். உரப்பானையைக் கிளறுவதும் கழிவுநீரைப் பிடித்து ஊற்றுவதும் குடும்பத்தினர் அனைவருக்கும் பகிரப்படாவிடில் நீடிப்பதில்லை.

பிரித்துக் கொடுத்த குப்பை ஊர்தியில் மீண்டும் ஒன்றாகக் கலக்கப்பட்டால் மக்கள் ஊக்கம் இழக்கின்றனர். பம்மலில் சேகரிப்போரும் உரமாக்குவோரும் ஒரே அமைப்பில் இருந்தமையால் இக்குறை எழவில்லை. வீட்டின் உழைப்பும் உள்ளாட்சியின் ஏற்பாடும் ஒன்றையொன்று சார்ந்தவை. சிட்லபாக்கம் ஏரியின் மீட்பும் குடியிருப்போரின் உழைப்பும் அரசின் நிதியும் சேர்ந்தபோதே இயன்றது.

இவற்றையும் பார்க்க

- மழைநீர் சேகரிப்பு
- பள்ளிக்கரணைச் சதுப்புநிலம்
- தாம்பரம் மாநகராட்சி
- அடையாறு
- மண்புழு உரம்
- மாடித் தோட்டம்
- 2015 தென்னிந்திய வெள்ளம்

பகுப்புகள்: சூழலியல் | நீர் மேலாண்மை | கழிவு மேலாண்மை | செங்கல்பட்டு மாவட்டம்